பழம்புளியும் பழைய புகையிலையும்

சுங்கான் பிடிப்பவர்களிடம் வெளியாருக்கு எளிதில் விளங்காத ஒரு வழக்கம் உண்டு. புகையிலை டின்னை வாங்கியதும் திறக்கமாட்டார்கள். அடிப்பக்கத்தில் தேதியை எழுதி ஒட்டி, வெயில் படாத அலமாரியில் அடுக்கிவைத்துவிடுவார்கள். ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு, பொறுமைசாலிகள் இருபது ஆண்டுகூட வைத்திருப்பார்கள். அப்படிப் பழையதான டின் புதியதைவிடப் பலமடங்கு விலைக்குக் கைமாறுவதும் உண்டு. லண்டனில் தயாரான பழைய பால்கன் சொப்ரானி டின்களுக்கு அந்தச் சந்தையில் தனி மதிப்பு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் இந்த அடுக்கிவைப்புக்கு ஒயின் நிலவறையின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். பெயரோடு ஒரு கோட்பாடும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது: டின்னுக்குள் உயிருள்ள ஏதோ ஒன்று நொதித்துக்கொண்டே இருந்து இலையை மேம்படுத்துகிறது என்ற நம்பிக்கை. (புட்டிக்குள் போன ஒயினும் பெரும்பாலும் நொதிப்பதில்லை என்பது வேறு கதை.) இந்த ஒப்புமை வழிதவறச் செய்கிறது என்பது என் கருத்து. பொருத்தமான ஒப்புமை ஒயின் நிலவறையில் இல்லை, நம் அடுக்களையின் புளிப்பானையில் இருக்கிறது.

புதுப்புளி செம்பழுப்பாக இருக்கும். நாக்கில் வைத்தால் சுரீரென்று இழுக்கும். கொட்டை எடுத்து, உப்பு தூவி, பானையில் அழுத்தி அடைத்து ஓராண்டு வைத்தால் கறுத்துவிடுகிறது. சுவையின் முனை மழுங்கி, ஆழம் கூடுகிறது. குழம்புக்குப் பழம்புளிதான் வேண்டும் என்று கேட்டு வாங்குபவர்கள் இன்றும் உண்டு. இந்தக் கறுப்பை எந்த நுண்ணுயிரும் செய்யவில்லை. டார்டாரிக் அமிலமும் உப்பும் நீர்ப்பற்றாக்குறையும் சேர்ந்த அந்தச் சூழலில் அவை தலையெடுப்பது கடினம். புளியிலுள்ள சர்க்கரையும் அமினோ அமிலங்களும் தாமாகவே ஒன்றோடொன்று வினைபுரிந்து கறுக்கின்றன. 1912இல் பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீல் மெயிலார்டு விவரித்த இந்த வினைக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. ரொட்டியின் மேல்தோல் சிவப்பதும், காப்பிக்கொட்டை வறுபட்டு மணப்பதும் இதே வினையால்தான். அடுப்பில் நிமிடங்களில் நடப்பது அறைவெப்பத்தில் ஆண்டுக்கணக்கில் நடக்கிறது. மூடிய புகையிலை டின்னுக்குள் நடப்பதிலும் பெரும்பகுதி இத்தகைய அடுப்பில்லாச் சமையல்தான். அதன் முடிவு எப்படி இருக்கும் என்பது, மூடி போடுவதற்கு வெகுமுன்பே, இலையைப் பாடம் செய்த கொட்டகையில் பாதிக்குமேல் தீர்மானமாகிவிடுகிறது. டின் செய்வதெல்லாம் உள்ளே இருப்பதை வெளியே விடாமல் காப்பதுதான்.

அந்தக் கொட்டகையிலிருந்துதான் தொடங்கவேண்டும். செடியிலிருந்து பறித்த இலை உடனே செத்துவிடுவதில்லை. சில நாள்கள்வரை மூச்சுவிட்டுக்கொண்டு, தன் சேமிப்பைத் தானே தின்றுகொண்டு உயிர்வாழ்கிறது. வர்ஜீனியா என்ற வகையின் முற்றிய இலையில், உலர் எடையில் கால் பங்குவரைகூட மாவுச்சத்து இருக்கலாம். வெப்பக்குழாய் ஓடும் கொட்டகையில் முதல் ஓரிரு நாள்கள் 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் இலை மஞ்சளாகும்போது, அதன் நொதிகள் மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. இன்னும் சில நாள் விட்டால் இலை அந்தச் சர்க்கரையையும் தின்று தீர்த்துவிடும். அதற்குள் வெப்பத்தைப் படிப்படியாக 70 டிகிரிக்கும் மேலே ஏற்றி, நரம்புவரை காயவைத்து, இலையைக் கொன்றுவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளேயே சிறைப்பட்டுவிடுகிறது. உலர் எடையில் 15 முதல் 25 சதவீதம் வரை. இப்படிப் பாடம் செய்த பளிச்சென்ற மஞ்சள் இலையின் பிறப்பைப் பற்றி 1839ஆம் ஆண்டுக் கதை ஒன்று பரவலாகச் சொல்லப்படுகிறது. வட கரோலினாவின் காஸ்வெல் கவுண்டியில், ஏபிஷா ஸ்லேடு என்பவரின் பண்ணையில் அடிமையாக இருந்த ஸ்டீபன் என்ற இளைஞர், இரவில் கண்ணயர்ந்து, அணைந்துகொண்டிருந்த நெருப்பை அவசரமாகக் கரி போட்டு மூட்டினாராம். திடீர் வெப்பம் இலையை மஞ்சளிலேயே நிறுத்திவிட்டதாம். பண்ணைக்காரரின் பெயர் ஊரறிந்ததாகவும், கண்டுபிடித்தவரின் பெயர் வெறும் ஸ்டீபனாகவும் நின்றுபோனது அந்தக் காலத்தின் நியாயம். பர்லி என்ற இன்னொரு வகை இலையின் கதை இதற்கு நேர்மாறு. அதைக் காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் தொங்கவிட்டு வாடவைக்கிறார்கள். இலை மெதுவாகப் பட்டினி கிடந்து சாகிறது. சர்க்கரையில் ஒன்றிரண்டு சதவீதம் மிஞ்சினாலே அதிகம். பர்லிக்கு அதிமதுரச் சாறும் கோக்கோவும் சர்க்கரைப் பாகும் தெளிக்கும் வழக்கம் வந்ததற்கு இந்த வறுமைதான் காரணம். வெயிலில் காய்ந்த, உள்ளங்கையளவு ஓரியண்டல் இலைகள் இரண்டுக்கும் நடுவே நிற்கின்றன: சர்க்கரை மிதம், பிசினும் வாசனை எண்ணெயும் மிகுதி.

இந்த வாழ்க்கை வரலாறு தெரிந்தால், எந்த டின் பத்தாண்டில் மாறும், எது அப்படியே கிடக்கும் என்பதை ஓரளவு முன்கூட்டியே சொல்லிவிடலாம். சுங்கான்காரர்கள் அனுபவத்தில் கண்டுசொல்வதும் அதுதான்: பழையதாக வைக்கத் தகுந்தது வர்ஜீனியா, பர்லி அவ்வளவாக மாறுவதில்லை. வேதியியல் இதற்குத் தரும் விளக்கம் நேரடியானது. சர்க்கரையும் அமினோ அமிலமும் சேர்ந்து முதலில் அமடோரி சேர்மங்கள் உருவாகின்றன. 1925 வாக்கில் இவற்றை ஆராய்ந்த இத்தாலியர் மாரியோ அமடோரியின் பெயர் அது. கொட்டகையில் காய்ந்த வர்ஜீனியாவில் புரோலின் என்ற அமினோ அமிலம் ஏராளம். அதுவும் சர்க்கரையும் இணைந்த சேர்மம் பாடம் செய்யும்போதே தொடங்கி, சேமிப்பின்போது பெருகுகிறது. இதற்கு மணமில்லை, இது ஒரு வைப்புநிதி மாதிரி. காலப்போக்கில் இது உடைந்து ஃபியூரான்களையும் பைரசின்களையும் தருகிறது. வறுத்த கடலை, ரொட்டி, காய்ச்சிய பாகு என்றெல்லாம் நாம் மூக்கால் படிக்கும் மணங்கள் அவை. இலை கறுப்பதும் இதன் பின்விளைவு. கூடவே இன்னொரு கணக்கும் ஓடுகிறது. இலைக்கு மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டுகள் சிதைந்து, பீட்டா-அயோனோன், டமாசினோன் போன்ற சிறு மூலக்கூறுகளாகின்றன. டமாசினோன் ரோஜா எண்ணெயிலும் உண்டு. நீரில் லட்சம் கோடியில் சில பங்கு கலந்திருந்தாலே மனித மூக்கு கண்டுபிடித்துவிடும். இவற்றில் ஒரு பகுதி சர்க்கரையோடு பிணைந்து, மணமற்று, பூட்டிக் கிடக்கிறது. இலையின் மென்மையான அமிலத்தன்மை அந்தப் பூட்டை ஆண்டுக்கணக்கில் கரைத்துத் திறக்கிறது. அதற்கு ஆக்சிஜன் வேண்டியதில்லை.

ஆக்சிஜன் வேண்டியதில்லை என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. காற்றில் மெல்ல எரிவதைப் போல இலை ஆக்சிஜனேற்றம் அடைவதுதான் முதிர்ச்சி என்று சொல்பவர்களும் உண்டு. ஒரு தோராயக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 50 கிராம் டின்னில் இலைகளுக்கு நடுவேயும் மூடிக்குக் கீழேயும் 60 மில்லிலிட்டர் காற்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன்: 12 மில்லிலிட்டர், எடையில் ஏறக்குறைய 16 மில்லிகிராம். வெற்றிடமாக உறிஞ்சி அடைத்த டின் என்றால் இன்னும் குறைவு. அதே டின்னில் இருக்கும் சர்க்கரை, நல்ல வர்ஜீனியாவாக இருந்தால், எட்டு கிராம். எட்டாயிரம் மில்லிகிராமுக்கு எதிரே பதினாறு! இருக்கிற ஆக்சிஜனை இலை வெகுசீக்கிரத்தில் விழுங்கிவிடும். அதற்குப் பிறகு பத்தாண்டு நடப்பதை ஆக்சிஜன் கணக்கில் எழுத முடியாது. அதற்காக ஆக்சிஜனுக்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. சேமிப்பின் முதல் சில மாதங்களில் கலவை ஒன்றுசேர்வது என்று ஒன்று நடக்கிறது: ஈரமான இலையிலிருந்து உலர்ந்த இலைக்கு ஈரமும், காரமான இலையிலிருந்து சாதுவான இலைக்கு மணமும் பரவிச் சமன்படுகின்றன. அப்போது கொஞ்சம் ஆக்சிஜனேற்றமும் உடன் நடக்கும். ஊறுகாய் போட்ட முதல் வாரத்தில் உப்பும் காரமும் காய்க்குள் இறங்குவதைப் போன்றது அது. அதைத் தாண்டிய காலம் முழுக்கச் சர்க்கரையின் காலம்.

இதற்கு உடனே வரக்கூடிய மறுப்பு, உப்பிய டின். பல ஆண்டுகள் கிடந்த டின்கள் சில மேலும் கீழும் புடைத்து நிற்கும். திறக்கும்போது காற்று உள்ளே போவதற்குப் பதில் வெளியே சீறும். நுண்ணுயிர் மூச்சுவிடாமல் வாயு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நியாயமானது. விடை 1862லேயே கிடைத்துவிட்டது. ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஸ்ட்ரெக்கர், அமினோ அமிலங்கள் குறிப்பிட்ட வகைச் சேர்மங்களோடு வினைபுரியும்போது கார்பன் டையாக்சைடை இழப்பதைக் கண்டார். மெயிலார்டு வினையின் நடுக்கட்டத்தில் இது இயல்பாகவே நிகழ்கிறது. கணக்கு இதிலும் உதவும்: ஏறத்தாழ 0.1 கிராம் அமினோ அமிலம் இப்படிச் சிதைந்தாலே 24 மில்லிலிட்டர் வாயு வெளிவரும். வெற்றிடத்தை நிரப்பி மூடியை மேலே தள்ள அது தாராளம். அதாவது உப்பிய டின் நுண்ணுயிருக்குச் சாட்சியாக நிற்க வேண்டியதில்லை. சமையலின் ஆவியாகவும் இருக்கலாம். டின்னுக்குள் நுண்ணுயிர் வாழ முடியுமா என்று தனியாகக் கேட்கவேண்டும். உணவறிவியலில் நீர்ச் செயல்திறன் என்றொரு அளவு உண்டு. தூய நீருக்கு 1. பெரும்பாலான பாக்டீரியாக்கள் 0.9க்குக் கீழே பெருகுவதில்லை. பூஞ்சைகளில் பெரும்பாலானவை 0.7 அருகில் நின்றுவிடுகின்றன. வறட்சியைத் தாங்கும் சில வகைகள் 0.6 பக்கம் வரை இறங்கும். சரியான ஈரத்தில் அடைத்த சுங்கான் புகையிலை 0.6க்கும் 0.7க்கும் நடுவே இருக்கும். அங்கே பாக்டீரியா வித்துகள் செத்துவிடமாட்டா, ஆனால் உறங்கும். பூஞ்சைக்கு ஈரம் ஓரளவு போதும், ஆக்சிஜன் போதாது. ஈரம் கூட்டி அடைத்த டின்களில், முதல் வாரங்களில், ஈஸ்டுகள் கொஞ்சம் வேலை செய்திருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இருபது ஆண்டு மாற்றத்தை அந்தச் சில வாரங்களின் தலையில் ஏற்ற முடியாது.

பெரிக் புகையிலையைக் காட்டி வாதிடுபவர்கள் இன்னும் வலுவானவர்கள். லூசியானாவின் செயின்ட் ஜேம்ஸ் பாரிஷில் விளையும் இலையை விஸ்கி பீப்பாய்களில் திணித்து, திருகு அழுத்தியால் நசுக்கி, தன் சாற்றிலேயே ஊறவிட்டு, இடையிடையே எடுத்து ஆறவைத்து மீண்டும் அழுத்தி, ஓராண்டுக்கு மேல் நொதிக்கவிடுகிறார்கள். உலர்ந்த அத்தியும் மிளகும் வினிகரும் கலந்த மாதிரி ஒரு மணம். அது சந்தேகமில்லாமல் நொதித்தல். சுருட்டு இலையை ஆள் உயரத்துக்கு அம்பாரமாகக் குவித்து, ஈரம் தெளித்து, உள்ளே வெப்பம் ஏறஏறப் புரட்டிப்போடுவதும் நொதித்தல்தான். நம் பக்கத்து மெல்லும் புகையிலைப் பாடத்திலும் இலையைக் கூட்டிப் புழுங்கவைக்கும் கட்டம் உண்டு. ஆனால் இந்த எடுத்துக்காட்டுகளைக் கவனித்தால் அவை எதிர்த்தரப்புக்கே பாதகமாக இருப்பது தெரியும். பீப்பாயில் இலை சாற்றில் மிதக்கிறது. அம்பாரத்தில் கைக்கு ஈரம் ஒட்டுகிறது, காற்று புகுகிறது, வெப்பம் தானாக ஏறுகிறது. நொதித்தலுக்கு இவ்வளவு ஏற்பாடு தேவைப்படுகிறது என்பதுதான் செய்தி. உள்ளங்கையளவுத் தகரத்துக்குள், உதிரி உதிரியாக, அரை வறட்சியில், மூச்சுக் காற்றில்லாமல் கிடக்கும் 50 கிராம் இலையில் இந்த ஏற்பாடு எதுவும் இல்லை. பெரிக் கலந்த வர்ஜீனியா டின்கள் நன்றாக முதிர்கின்றன என்ற புகழ் உண்மையானால், பெரிக்கின் நொதித்தல் டின்னுக்குள் தொடர்கிறது என்பதைவிட, பீப்பாயில் பிறந்த அமிலங்களும் வர்ஜீனியாவின் சர்க்கரையும் அருகருகே கிடந்து பேசிக்கொள்கின்றன என்பதுதான் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

சமையல் என்று ஒப்புக்கொண்டால் அடுத்த கேள்வி தானாக வரும்: தீயைக் கூட்டினால் சீக்கிரம் வேகாதா? வேகும். இந்த வகை வினைகள் பத்து டிகிரி ஏறினால் இரண்டு அல்லது மூன்று மடங்கு விரையும். 20 டிகிரியில் இருக்கும் ஓர் ஐரோப்பிய நிலவறையையும் 32 டிகிரியில் இருக்கும் ஒரு வெப்பநாட்டு அலமாரியையும் ஒப்பிட்டால், அங்கே நாலாண்டில் நடப்பது இங்கே ஓராண்டு முதல் இரண்டாண்டுக்குள் நடந்துவிடலாம். தொழிற்சாலைகளுக்கு இது பழைய செய்தி. வர்ஜீனியாவை அடுப்பில் வாட்டியோ நீராவியில் அழுத்தியோ சில மணி நேரத்தில் கரிய, மென்மையான இலையாக்கும் முறை நெடுங்காலமாக இருக்கிறது. நுண்ணுயிர் ஒன்றுகூடப் பிழைக்க வாய்ப்பில்லாத வெப்பத்தில், பழைய டின்னின் நிறமும் பாகு மணமும் பெருமளவு கிடைத்துவிடுகின்றன என்பதே என் தரப்புக்கு வலுவான சாட்சி. ஆனால் வாட்டிய இலையும் இருபதாண்டு இலையும் ஒன்றல்ல என்று பழகியவர்கள் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வதற்கும் இதே வேதியியல் ஆதரவு தருகிறது. டின்னுக்குள் நடப்பது ஒரே வினை இல்லை, நூற்றுக்கணக்கானவை. ஒவ்வொன்றும் வெப்பத்துக்கு வெவ்வேறு அளவில் அசைகிறது. தீயைக் கூட்டினால் எல்லாக் கடிகாரங்களும் ஒரே விகிதத்தில் ஓடுவதில்லை. கறுப்பாக்கும் வினை பறக்கிறது, மணத்தின் பூட்டைத் திறக்கும் வினை பின்தங்குகிறது, எளிதில் ஆவியாகும் மேல்மணம் எங்கேயோ ஓடிப்போகிறது. தம் போட்ட பிரியாணிக்கும் பிரஷர் குக்கர் பிரியாணிக்கும் உள்ள வேறுபாடு மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். நிலையான வெப்பத்தைவிட மோசமானது ஏறி இறங்கும் வெப்பம். பகலில் சூடாகும் டின்னில் இலையின் ஈரம் ஆவியாகி, இரவில் குளிரும் தகரத்தில் துளிகளாகப் படிகிறது. மொத்த ஈரம் அதேதான். ஆனால் அந்த ஓரிடத்தில் இலை நனைந்து, தகரம் துருப்பிடிக்கத் தொடங்குகிறது.

துருவைச் சொன்னபோது பாத்திரத்தின் குணத்தையும் சொல்லிவிடவேண்டும். இலையில் அமிலமும் ஈரமும் உண்டு. டின்னின் உட்பூச்சில் ஒரு கீறல் போதும், துரு உள்ளிருந்தே துளை போட்டுவிடும். துளை விழுந்த டின்னில் முதிர்ச்சி இல்லை, உலர்ந்த சருகுதான் உண்டு. வட்ட டின்களில் ரப்பர் போன்ற வளையம் சுற்றிலும் ஒரே சீராக அழுந்துகிறது. சதுர டின்களின் மூலைகளில் அந்த அழுத்தம் சமமாக விழுவதில்லை. கைதவறிப் போட்டால் வெற்றிடம் போய்விடுகிறது. உலோகமூடியின் விளிம்பில் அடைப்புப் பசை தடவிய கண்ணாடி ஜாடி துருப்பிடிக்காது, உள்ளே நடப்பதும் தெரியும். வெளிச்சம் படாமல் மட்டும் வைக்கவேண்டும். 1858இல் ஜான் லாண்டிஸ் மேசன் காப்புரிமை பெற்ற திருகுமூடி ஜாடிகள் பழங்களையும் காய்கறிகளையும் பதப்படுத்துவதற்கென்று வந்தவை; இன்று அமெரிக்கச் சுங்கான்காரர்களின் அலமாரிகளில் அவற்றின் வாரிசுகள்தான் வரிசைகட்டி நிற்கின்றன. பிளாஸ்டிக் பை விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். பாலிஎத்திலீன் ஈரத்தை நன்றாகத் தடுக்கும். அதனால் ஓராண்டு கழித்து இலை ஈரமாகவே இருப்பதைப் பார்த்து எல்லாம் சரி என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஆக்சிஜனும் மணமூலக்கூறுகளும் அதன் வழியே போய்வந்துகொண்டிருக்கின்றன. பையை அலமாரியில் வைத்தால் அலமாரி மணக்கிறதல்லவா? இலையிலிருந்து போனதுதான் அது.

எல்லா டின்னும் பழையதானால் நல்லது என்ற பொதுநம்பிக்கை உடைவது வாசனை சேர்த்த கலவைகளில்தான். வெனிலா, செர்ரி என்று மேலே தெளித்த மணங்கள் பெரும்பாலும் ஆல்டிஹைடுகள். இலை காய்ந்துபோகாதிருக்கச் சேர்க்கும் புரொப்பிலீன் கிளைக்காலோடு அவை மெல்ல இணைந்து அசிட்டால்கள் என்ற மந்தமான மணமுள்ள சேர்மங்களாகிவிடுகின்றன. நறுமணப் பொருள் தயாரிப்பாளர்களுக்கு இது அன்றாடத் தலைவலி. செர்ரி மணம் தரும் பென்சால்டிஹைடு ஆக்சிஜன் கிடைத்தால் மணமே இல்லாத பென்சாயிக் அமிலமாகவும் மாறும். அந்த டின்களைப் பத்தாண்டு அடைகாப்பது கல்யாண வீட்டு மாலையைப் பத்திரப்படுத்துவது போலத்தான். லடாக்கியா இன்னொரு வகை. சிரியாவின் துறைமுக நகரப் பெயரைத் தாங்கி, பின்னாளில் சைப்ரசில் தயாரான இந்த இலையை, வாசனைக் கட்டைகளும் புதர்களும் கனலும் புகையில் மாதக்கணக்கில் ஊறவைக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டையின் புகையில் இலையைப் பாடம் செய்வதற்குத் தூரத்து உறவு. அதன் வலிமை, புகையிலிருந்து படிந்த ஃபீனால்கள். அவை இலையின் சொந்தச் சரக்கு இல்லை, வெளியிலிருந்து பூசியவை; புதிதாக ஊற வழியில்லை, குறையத்தான் வழி. லடாக்கியா மிகுந்த கலவைகள் பழையதாகப் பழையதாகச் சாதுவாகின்றன என்று அனுபவசாலிகள் சொல்வதில் வியப்பில்லை. சாது ஆனதை முதிர்ச்சி என்று பாராட்டுவதா, களைப்பு என்று வருந்துவதா என்பது அவரவர் நாக்கைப் பொறுத்தது.

நாக்கு என்றதும் ஐயவாதி குறுக்கிடுவார்: இதெல்லாம் மனப்பிரமை இல்லையா? பத்து ஆண்டு காத்திருந்தவர், அல்லது பழைய டின்னுக்குப் பெருந்தொகை கொடுத்தவர், சுவை சுமார்தான் என்று ஒப்புக்கொள்வாரா? இந்த ஐயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அதைவிடக் கூர்மையான இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பழைய டின்களைப் பற்றிய புகழுரைகள் எல்லாம் பிழைத்த டின்களைப் பற்றியவை. துருவில் துளை விழுந்தவையும் பூஞ்சை பிடித்தவையும் குப்பைக்குப் போய்விட்டன. அவற்றைப் பற்றி எவரும் உருகி எழுதுவதில்லை. எனவே ரசிகர்களின் சாட்சியத்தை மட்டும் வைத்து எதையும் நிறுவ முடியாது. ஆனால் ரசனை இல்லாத சாட்சிகளும் இருக்கின்றன. அமெரிக்க சிகரெட் ஆலைகள் சுமார் 1000 பவுண்டு பிடிக்கும் பெரிய மரப்பீப்பாய்களில் இலையை அடைத்து, கிடங்குகளில் ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை வைத்திருந்தன. அவ்வளவு முதலை முடக்கிவைப்பது எந்த முதலாளிக்கும் பிடித்த காரியம் இல்லை. புதிய இலையின் கரகரப்பு விற்காது என்பதால்தான் வைத்தார்கள். அந்தக் கிடங்குகளின் ஈரம் டின்னைவிடக் குறைவு, காற்று அதிகம். அதனால் இரண்டும் ஒன்றே என்று சொல்லமாட்டேன். இருந்தாலும் திசை ஒன்று. இலையை அளந்து பார்த்தால் சர்க்கரையும் அமினோ அமிலங்களும் குறைகின்றன, அமடோரி சேர்மங்கள் ஏறிப் பின் இறங்குகின்றன, அம்மோனியா குறைகிறது, அமிலத்தன்மை சற்றுக் கூடுகிறது. அளவுகருவிக்கு ஏக்கம் கிடையாது. மாற்றம் மெய், அந்த மாற்றம் பத்து மடங்கு விலைக்குத் தகுமா என்பதை மட்டும்தான் ஐயவாதியின் பக்கம் விட்டுவிடலாம்.

அமிலத்தன்மை கூடுவதைப் பற்றி இன்னும் ஒரு சொல் தேவை, ஏனென்றால் ஆபத்தான ஒரு தவறான புரிதல் இங்கேதான் பிறக்கிறது. நிகோட்டின் ஒரு காரம். காரத்தன்மையுள்ள புகையில் அது தனித்து நின்று தொண்டையைக் கடிக்கும். அமிலம் கூடினால் உப்பாகப் பிணைந்து அடங்கிவிடும். அம்மோனியா குறைந்து, அமிலம் கூடிய பழைய இலையின் புகை மெதுவாக இறங்குவது இதனால். அளவில் நிகோட்டின் ஏறக்குறைய அப்படியேதான் இருக்கிறது. புகை மென்மையானதால் நஞ்சும் குறைந்துவிட்டது என்று நினைப்பவர் தொண்டையின் எச்சரிக்கை மணியை அணைத்துவிட்டு வீடு பத்திரம் என்று தூங்குபவர். கார்பன் மோனாக்சைடு, பென்சோபைரீன் போன்ற நஞ்சுகள் எரிவதால் பிறப்பவை. பத்தாண்டு இலையும் புது இலையும் ஒரே மாதிரிதான் எரிகின்றன. இன்னும் ஒன்று: நைட்ரேட் மிகுந்த, பர்லி போன்ற காற்றில் உலர்ந்த இலைகளை வெப்பமான இடத்தில் சேமித்தால், புகையிலைக்கே உரிய நைட்ரோசமீன்கள் சேமிப்பின்போதே கூடுகின்றன. அவற்றில் என்என்என், என்என்கே என்ற இரண்டையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் தருபவை என்று முதல் வகையில் வைத்திருக்கிறது. சுங்கான் புகையை நெஞ்சுக்குள் இழுக்காதவருக்கும் வாயும் தொண்டையும் அதன் பாதையிலேயே இருக்கின்றன. டின்னுக்குள் நடக்கும் வேதியியல் அழகானது. அந்த அழகுக்கும் உடல்நலத்துக்கும் எந்த உறவும் இல்லை.

பழைய டின்னைத் திறந்ததும் சிலர் திடுக்கிடுவது இலைமேல் மின்னும் வெள்ளைப் புள்ளிகளைக் கண்டு. சர்க்கரைப் படிகம் என்று கொண்டாடுபவர்களும், பூஞ்சை என்று எறிபவர்களும் உண்டு. உருப்பெருக்கியில் பார்த்தால் குழப்பம் தீரும்: படிகத்துக்கு முனையும் பளபளப்பும் உண்டு, ஒரு சொட்டு நீரில் பெரும்பாலும் கரையும், பூஞ்சைக்கு நூலாம்படை மாதிரி இழைகளும் பாசிபிடித்த வீட்டின் வாடையும் உண்டு. பூஞ்சை என்றால் டின்னின் அடைப்பு எங்கோ தோற்றுவிட்டது என்று பொருள். படிகம் என்றால் ஈரம் இடம்மாறி, கரைந்திருந்தது வெளியே வந்து படிந்திருக்கிறது. முதிர்ச்சிக்கு அது நற்சான்றிதழ் இல்லை, கெட்டுப்போனதற்கு அடையாளமும் இல்லை. மூடியின் இடுக்கில் நாணயத்தைச் செருகித் திருகி, காற்று உஸ்ஸென்று நுழைந்த அந்தக் கணத்திலேயே கணக்கு மாறிவிடுகிறது. இத்தனை ஆண்டு பதினாறு மில்லிகிராமில் அடங்கியிருந்த ஆக்சிஜன் இனி அளவில்லாமல் வரும். பூட்டு திறந்து சேர்ந்திருந்த மணங்களில் லேசானவை முதலில் கிளம்பும், பிறகு ஈரம். மறுபடி மூடிவைத்தாலும் அந்த டின் பழைய கடிகாரத்தைத் தொடர்வதில்லை. சில வாரங்களில் அதன் மேல்மணம் தட்டையாகிறது, சில மாதங்களில் இலை விரலில் நொறுங்குகிறது. இருபதாண்டு வைத்திருந்தவர்கள் திறந்த டின்னை அன்றே சிறு ஜாடிகளில் கழுத்துவரை அழுத்திப் பிரித்துவைப்பது அதனால்தான்.